அக்கா காட்டிய கிளிகள்

ஐயம்பேட்டைத் தோப்புகள் பின்னால் மறைந்த பிறகுதான் அக்கா முதல் கிளியைக் காட்டினாள். பனைமரத்தடியில் நின்று, ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, “அதோ பாருடா தம்பி, மட்டைக்குள்ள” என்றாள். மட்டை தெரிந்தது. “தெரியுதா?” என்றாள். தெரிகிறது என்றேன். தெரியவில்லை என்று சொன்னால் நடக்க ஆரம்பித்துவிடுவாளோ என்று பயம். அவளோடு நிற்பது எனக்குப் பிடிக்கும்.

அத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போய்த் தங்கிவிட்டு, காலையில் பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். அம்மாவும் அப்பாவும் தறியை விட்டு வர முடியாததால் எங்கள் இருவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். பஸ் கூட்டத்தோடு நிற்காமல் போய்விட்டது. நடந்தோம்.

கிளம்பும்போது அத்தை அக்காவின் கன்னத்தைக் கிள்ளி, “எவளுக்குடி இப்படி செவந்துக்கினு இருக்குது? தை பொறந்ததும் எம்புள்ளைக்குக் கட்டி வெச்சிட்டா எனக்கு ரோஸ் பவுடர் செலவு மிச்சம்” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கன்னங்கள்தான் எங்கள் வீட்டின் பெருமை.

அதற்கு முந்தின வருஷம் வரை அக்கா தறியில் உட்கார்ந்தாள். பிறகு அவள் கால்கள் வீங்கத் தொடங்கின. தறிக்குக் கீழே குழி இருக்கும். அதில் காலை விட்டுத்தான் நாள் முழுக்க மிதிக்க வேண்டும். குழியின் ஈரம் காலில் ஏறிவிட்டது என்றார் அப்பா. எங்கள் தெருவில் யார் கால் வீங்கினாலும் அதே தீர்ப்புதான். மகள்மேல் இரக்கப்பட்டு, அவளைக் குழியிலிருந்து எடுத்துப் பாவு போடும் வேலைக்கு மாற்றினார். தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, சிக்கெடுத்தபடி இந்த முனைக்கும் அந்த முனைக்கும் விடியற்காலையில் நடக்கிற வேலை. அவள் உடம்புக்கு அதைவிடக் கொடிய தண்டனையை யோசித்துக்கூடக் கொடுத்திருக்க முடியாது. அப்பா அன்பாகத்தான் செய்தார்.

படுத்தால் இருமல் வருகிறது என்று அக்கா இரவில் சுவரில் சாய்ந்தே தூங்குவாள். சீக்கிரம் எழ வேண்டியவளுக்கு அது வசதி என்று அம்மாவும் விட்டுவிட்டாள்.

அன்று சாலையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. மேகங்கள் பாவு நீட்டியது போல ஏரிக்கு மேலே நீளநீளமாகக் கிடந்தன. புளியமரத்தில் ஒரு கிளி, வரப்போரம் கொக்குக்குஞ்சு, மேகத்துக்குள் யானை என்று அக்கா ஒவ்வொன்றாகக் காட்டினாள். தூரத்துக் கோபுரம் கிட்டே வருவதாகவே தெரியவில்லை. நான் கால் வலிக்கிறது என்றதும் ஒரு மதகின் மேல் உட்கார்ந்தாள். அவள் முதுகில் காதை வைத்துச் சாய்ந்தேன். உள்ளே, புதிதாகத் தறியேறியவன் நெய்வது போல ஒரு சத்தம். வேகமாக இரண்டு அடி, பிறகு ஒன்றுமில்லை, பிறகு தடதடவென்று நாலைந்து. கேட்டுக்கொண்டே கண் சொக்கியது.

இருமல்தான் என்னை எழுப்பியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். எடுத்தபோது துணியில் நுரையோடு இளஞ்சிவப்பு.

“இன்னாக்கா அது?”

“சாயம்டா. துணியில எங்கியோ பட்டுக்கிச்சி.”

நம்பினேன். சாயம் போடும் தெருவில் வளர்ந்தவன் நான். வேட்டியிலும் சுவரிலும் வாய்க்கால் தண்ணீரிலும் சிவப்பைப் பார்த்தே பழக்கம். அவள் மதகுக்குக் கீழே இறங்கி முந்தானையை அலசினாள். ஏறி வந்ததும் ஒரு மீன்கொத்தியைக் காட்டினாள்.

வீடு வந்ததும் நடந்த அதிசயங்களை அம்மாவிடம் வரிசையாக ஒப்பித்தேன். கிளி, கொக்கு, யானை. “அப்புறம் அக்கா வாயிலேர்ந்து சாயம் வந்துச்சிமா.”

அம்மாவின் கை ராட்டையில் நின்றுபோனது. எழுந்து வந்து ஈர முந்தானையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு அப்பாவின் காதில் ஏதோ சொன்னாள். சயரோகம் என்ற வார்த்தை மட்டும் எனக்குக் கேட்டது. அத்தை வீட்டுக்குத் தெரிந்தால் தை மாதப் பேச்சு அதோடு சரி. அன்று பிற்பகலே சந்து வழியாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். விட்டுவிட்டுப் போனால் தெரு முழுக்கச் சொல்லிவிடுவேன் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

டாக்டரம்மா முதுகில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு அக்காவை இடது பக்கமாகப் படுக்கச் சொல்லி, மார்புக்குக் கீழே வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். அப்புறம் அவர் பார்த்தது கன்னத்தை.

“இந்தச் செவப்பு எப்பலேர்ந்து?”

“அது நல்ல கலருங்க” என்றாள் அம்மா. டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“சின்ன வயசுல ஜுரம் வந்து மூட்டெல்லாம் வீங்குச்சா?”

வந்தது. முட்டியில் வலித்து, அது போனதும் முழங்கையில் வலித்ததாம். ஒத்தடம் கொடுத்து, சரியானதும் மறந்துவிட்டார்கள்.

“நடந்தா மூச்சு வாங்குதா?”

“நின்னு நின்னு போனா வாங்காது” என்றாள் அக்கா, தரையைப் பார்த்தபடி.

எனக்குப் பொறுக்கவில்லை. “அவ மூச்சு வாங்கிக்கினு ஒண்ணும் நிக்கல. எனக்குக் கிளி காட்டத்தான் நின்னா” என்றேன். அப்பா ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

இது சயரோகம் இல்லை என்றார் டாக்டரம்மா. அந்தப் பழைய ஜுரம் இதயத்தின் உள்கதவு ஒன்றை ஒட்டவைத்துவிட்டது. ரத்தம் தாண்ட முடியாமல் நெஞ்சில் தேங்குகிறது.

“கதவுதானேம்மா, தொறக்க முடியாதா?” என்றார் அப்பா.

“தொறக்கலாம். மதராஸ்ல விரலை விட்டே தொறக்கிறாங்க. ஆனா இப்பவே போகணும். இப்படியே கல்யாணம் பண்ணி, வயித்துல ஒண்ணு வந்துட்டா ரெண்டு உசுரும் தங்காது.”

அக்கா பிழைத்தாள். மார்பின் இடப்பக்கம் நீளமான தழும்போடு திரும்பி வந்தவள், பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை எங்கேயும் நிற்காமல் நடந்தாள். எனக்குப் பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கதவைத் திறந்தபோது எதையோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு நான் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ வேலைக்கு நடந்து போயிருக்கிறேன். மரத்தைக் கண்டால் நிற்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் முதல் பஸ்ஸில் அப்பா அக்காவை மதராஸுக்கு அழைத்துப் போனார். தெருவில் எங்கள் பாவு நீட்டியாகிவிட்டது, கஞ்சியும் காய்ச்சியாகிவிட்டது, ஒரு ஆள் குறைந்தது. அம்மா என் பள்ளிக்கூடப் பையை ஆணியில் மாட்டினாள். “அக்கா வர்ற வரைக்கும்தான்டா” என்று அவள் இடத்தில் என்னை நிறுத்தினாள். அந்தப் பையை நான் திரும்ப எடுக்கவே இல்லை.

இழைகளைப் பிரித்துக்கொண்டே நடந்தேன். கொஞ்ச தூரத்தில் நின்று, ஒரு கையை இடுப்பில் ஊன்றி, அண்ணாந்து பார்த்தேன்.

“டேய், பாவு காயுது. வானத்துல இன்னாடா பாத்துக்கினு நிக்கிற?” என்று கத்தினார் பக்கத்து வீட்டுக்காரர்.

“அக்கா இங்கதான் நிப்பா” என்றேன். அதுவும் அந்த வேலையில் சேர்ந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. வேப்பமரத்தில் கிளி இருக்கிறதா என்று நான் நன்றாகத் தேடினேன். இல்லை. அக்காவோடு முதல் பஸ்ஸிலேயே போயிருக்கும் என்று எண்ணிக்கொண்டு, அடுத்த இடம் வரை நடந்து, அங்கேயும் நின்றேன்.