ருக்மணியின் பெயரில் என் முகம்

என் தம்பி செங்கல்வராயன் இன்று ஐதராபாத்தில் ஒரு தொலைக்காட்சி நிறுவனத்தின் துணைத் தலைவர். பங்காருபாளையத்துக்குப் பக்கத்தில், சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத வீட்டில் பிறந்தவன். எங்கள் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். நான் ஐந்தாவதோடு நின்றவள், ஆனால் தேதிகள் எனக்குத் தப்பாது.

1987இல் மாங்காய் மண்டி விலையை எழுதித் தெலுங்குப் பேப்பருக்கு அனுப்பத் தொடங்கினான். 1990இல் திருப்பதி ஆபீஸில் உதவி ஆசிரியர். மாவட்டத்துக்குத் தனிப் பேப்பர் வந்தபோது, 1995 ஆகஸ்டில், அதற்கு அவனே பொறுப்பாளர். அப்போது ஊர்ச் செய்தியெல்லாம் பஸ்ஸில் போகும். உறையைக் கண்டக்டரிடம் கொடுத்தால் திருப்பதி பஸ் நிலையத்தில் ஆபீஸ் ஆள் வாங்கிக்கொள்வார்.

1996 ஜூன் 11, செவ்வாய். காலையில் பால் சங்கத்துக்குப் போனேன். வரிசையில் நின்ற லட்சுமம்மா என்னைப் பார்த்ததும் பால் தூக்கைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏ கன்னியம்மா, நீயே செத்துப்பூட்டு நீயே பால் ஊத்த வந்துகீறியா?"

யாரும் சிரிக்கவில்லை. பேப்பரை நீட்டினாள். மரணச் செய்திப் பகுதியில் என் முகம். கீழே, 'ருக்மணி, வயது 31, நகரி' என்றிருந்தது. படத்தில் நான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பிக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும், "அக்கா, நீதானா?" என்று இரண்டு தடவை கேட்டான். அச்சாகி வந்த பேப்பரை அவனும் அப்போதுதான் பார்த்திருந்தான்.

நடந்தது இதுதான். பால் சங்க அட்டைக்கு மனு எழுத என் போட்டோவை அவனிடம் கொடுத்திருந்தேன். அதே நாள் நகரியிலிருந்து ருக்மணியின் போட்டோ உறையில் வந்தது. செத்தவர் படத்தை மேசையில் முகம் தெரிய வைக்கக் கூடாது என்று அந்த ஆபீஸில் ஒரு வழக்கம், கவிழ்த்துத்தான் வைப்பார்கள். கைப்பழக்கத்தில் என்னுடையதையும் கவிழ்த்து வைத்துவிட்டான். நேரில் வாங்கும் படம் எதுவானாலும் பின்னால் பேர் எழுதாமல் வைக்கமாட்டான். சொந்த அக்காதானே என்று இதில் எழுதவில்லை. ருக்மணியின் பேரோ உறையின் மேல்தான் இருந்தது, படத்தின் பின்னால் இல்லை. கவிழ்ந்த இரண்டில் என்னுடையதைத் திருப்பிப் பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டான். பக்கத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடும்போது படத்துக்கான இடம் வெறும் கட்டமாகத்தான் இருக்கும். படம் கடைசியில்தான் ஒட்டுவார்கள்.

மறுநாள் திருத்தம் போட்டான். பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்க நகரிக்குப் போனான். "நீ உசுரோட நின்னாதான் அவங்க நம்புவாங்க, அக்கா" என்றான்.

ருக்மணியின் கணவர் பச்சையப்பன் விசைத்தறி ஓட்டுகிறவர். நான் வாசலில் நின்றதும் அந்தத் தெருவில் ஒவ்வொரு தறியாக நின்றது. வா என்று ஒருவரும் சொல்லவில்லை. உள்ளே சுவரில், கண்ணாடி போட்டு, மாலை போட்டு, விளக்கு ஏற்றி, பேப்பரிலிருந்து வெட்டிய நான்.

"அது எங்க அக்காங்க. உங்க வீட்டம்மா இல்ல" என்றான் தம்பி.

"தெரியும் சார். எம் பொண்டாட்டிய எனக்குத் தெரியாதா?" என்றார் பச்சையப்பன். "பெங்களூரு கார்மெண்ட்ஸ் வேலைக்கின்னு எடுத்தா. அந்த ஒரே போட்டோதான் இருந்துச்சி. அதையும் உங்க ஆளு வாங்கினு போயிட்டாரு. வெறும் சுவத்துக்கா படைக்கறது? அவ பேரு போட்டு ஒரு மொகம் வந்துச்சி. வெச்சிக்கினேன்."

என்னிடம் திரும்பாமலே கேட்டார்: "அவ படத்த தேடிக் குடுப்பீங்களா?"

தம்பி ஆபீஸ் குப்பையைக்கூடக் கிளறினான். ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் அந்த மாதம் கண்ணாடி பார்க்கவில்லை.

ஜூலை 15 அன்று சங்கத்திலிருந்து என் அட்டை வந்தது. கன்னியம்மாள் என்ற பெயர், என் ஊர், என் எண். ஒட்டியிருந்தது முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணின் முகம். லேசாகச் சிரித்தாள். அட்டையைக் கீழே போட்டுவிட்டேன். பேப்பர் வெளிவரும் முன்பே, மேசையில் மிஞ்சிய படத்தை என்னுடையது என்று தம்பி கவிழ்ந்தபடியே மனுவோடு உறையில் போட்டு பஸ்ஸில் ஏற்றியிருக்கிறான்.

அன்றே தம்பி வந்தான். கொதிக்கும் கெட்டில் ஆவியில் பிடித்து, நகம் படாமல், முக்கால் மணி நேரம் உரித்தான். படம் முழுதாக வந்தது. ஆனால் சங்கத்தின் ஊதா முத்திரை கன்னத்தின் மேல் பாதி வட்டமாகப் பதிந்திருந்தது.

நகரிக்கு எடுத்துப் போனோம். பச்சையப்பன் இரண்டு கையாலும் வாங்கினார். வேட்டி முனையால் முத்திரையைத் துடைத்துப் பார்த்தார். போகவில்லை. "போவட்டும். அவதான்" என்றார். அன்றே சட்டம் போட்டு மாட்டினார். என் படத்துக்குப் பக்கத்தில்.

"எங்க அக்கா படத்த கழட்டிக் குடுத்துடுங்க" என்றான் தம்பி.

"எப்படி சார் கழட்டறது? முப்பது நாளு எம் பொண்டாட்டி சோற இவங்கதான் வாங்கிக்கினாங்க. இன்னைக்கு வெளிய தூக்கிப் போட்டா அவளே கோச்சிப்பா."

தம்பி என்னைப் பார்த்தான். "இருக்கட்டும்" என்று நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.

தப்பு தன்னுடையது என்று முதலாளிக்கு அவனே எழுதிக் கொடுத்தான். வேலை போய்விடும் என்று நினைத்தோம். போகவில்லை. 2003இல் அந்தப் பேப்பர்காரர்களே தொலைக்காட்சி தொடங்கினார்கள், அவனையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். இன்று முந்நூறு பேர் அவனுக்குக் கீழே. இறந்தவர் படம் எதுவும் வீட்டாரிடம் காட்டாமல் திரையில் போகக்கூடாது என்பது அங்கே அவன் போட்ட சட்டம்.

ருக்மணியின் திதிக்குப் பச்சையப்பன் இன்றும் இரண்டு இலை போடுகிறார், ஒன்று அவளுக்கு, ஒன்று என் படத்துக்கு. அன்று விடிந்ததும் ஐதராபாத்திலிருந்து போன் வரும். "அக்கா, ஏதாவது பேசு" என்பான். மாடு, மழை, மாங்காய் விலை என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன். அவன் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருப்பான்.