கன்சல்டன்ட் மாப்பிள்ளையும் ஒரு முழங்காலும்

போன ஞாயிறு இணுவிலுக்குப் பெண் பார்க்கப் போனோம். மாப்பிள்ளை, என் தங்கையின் மகன் குகன். அவன் கதிரையில் உட்கார்ந்து மூச்சுக்கூட விடவில்லை, அதற்குள் பெண்ணின் தகப்பன் சிவகுரு அண்ணை வேட்டியை உயர்த்தி, வலது முழங்காலை அவன் முன்னால் நீட்டிவிட்டார்.

"மடக்கேக்கைதான் நோகுது தம்பி. ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

குகன் முழங்காலைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். குகனுக்குக் கொழும்பில் ஒரு கன்சல்டிங் கம்பெனியில் வேலை. தங்கை கலியாணத் தரகரிடம் "மகன் கன்சல்டன்ட்" என்று சொல்லியிருக்கிறாள். பொய்யா? இல்லையே. ஆனால் யாழ்ப்பாணத்தில் கன்சல்டன்ட் என்றால் ஸ்பெஷலிஸ்ட் டொக்டர் மட்டும்தான். சனல் பண்ணி, அதாவது காசு கட்டி முன்பதிவு செய்து, நம்பர் எடுத்து, அரை நாள் காத்திருந்து, இரண்டு நிமிடம் தரிசிக்கிற ஆள்!

அப்படிப்பட்டவர் வீடு தேடி வந்தால் அயல் சும்மா இருக்குமா? வாசல் விறாந்தையில் ஏற்கெனவே ஒரு சின்னக் கூட்டம். ஒருவர் மடியில் எக்ஸ்ரே. ஒரு மாமி மருந்துக் குளிசைப் பையோடு.

குகனும் பெண் ஆரணியும் வாட்ஸ்அப்பில் கதைத்து ஒருவரையொருவர் பிடித்துப்போனவர்கள். "இது சரிவராட்டி எனக்குக் கலியாணமே வேண்டாம் மாமா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தவன் அவன்.

"அங்கிள், நான் டொக்டர் இல்லை. கம்பெனியளுக்கு ஆலோசனை சொல்லுறதுதான் என்ரை வேலை."

வேட்டி இறங்கியது. மரியாதையும் இறங்கியது — 'நீங்கள்' போய் 'நீர்' வந்துவிட்டது.

"நீர் சொன்னா அவையள் கேப்பினமோ?"

"அநேகமாக் கேக்கமாட்டினம்."

"பிறகு?"

"காசு தருவினம்."

"நானும் இந்த வீட்டிலை ஆலோசனை சொல்லுறனான். ஒரு தேத்தண்ணி கிடைக்கிறேல்லை."

குகன் அதோடு விட்டானா? வேலைப் பழக்கம்... லப்டொப்பைத் திறந்து, தன் உத்தியோகத்தின் நன்மை தீமைகளை விளக்கத் தொடங்கினான். நன்மை — நல்ல சம்பளம், பிளேன், பெரிய ஹோட்டல். தீமை — நித்திரை இல்லை, ஞாயிறும் வேலை, என்ன வேலை என்று பெற்ற தாய்க்கும் விளங்கப்படுத்த முடியாது. பெண் கேட்கப் போன இடத்தில் எந்த மடையனாவது தன் தீமைகளைத் தானே விளக்குவானா? இவன் விளக்கினான். கலர் கலராக.

"யோசிச்சுச் சொல்லுறம்" என்றார் சிவகுரு அண்ணை. எங்கள் பக்கத்தில் அதற்கு 'இல்லை' என்று அர்த்தம்.

அப்போதுதான் ஆரணி தேத்தண்ணியோடு வந்தாள். வட்டுக்கோட்டையில் கணக்குப் படிப்பிக்கிறவள். விறாந்தைக் கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள்.

"அப்பா, ஒரு டொக்டரைக் கட்டினா ஒவ்வொரு ஞாயிறும் உந்தச் சனம் என்ரை வாசல்லை நிக்கும். இவரின்ரை வேலை ஒருத்தருக்கும் விளங்காது. அதாலை ஒருத்தரும் வரமாட்டினம். எனக்கு இவரைத்தான் பிடிச்சிருக்கு."

மாமி குளிசைப் பையை இறுக்கிக் கட்டினாள். சிவகுரு அண்ணை மகள் நீட்டிய தேத்தண்ணியை வாங்கினார். பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பினார்.

"எல்லாரும் வீட்டை போங்கோ. எங்கடை மருமோன் டொக்டர் இல்லை."

மருமோன்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. குகனுக்கோ 'போங்கோ' மட்டும்தான் கேட்டிருக்கிறது. லப்டொப்பை மூடி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழும்பிவிட்டான். அந்த வேலையின் பெரிய தீமையே இதுதான் போல — வாய் ஓயாமல் சொல்லிச் சொல்லி, அடுத்தவர் சொல்வது காதில் ஏறுவதில்லை.

சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினேன். "மருமோன் எண்டிட்டார், இரடா!" என் ஆலோசனை — இலவசம்.