எந்த உப்புத் தண்ணி?

எங்கள் வீட்டில் ஒன்றேகால் வருடம் ஒரு சர்ஜன் இருந்தார். நீல உடம்பு, மஞ்சள் வால். வால் தொடங்கும் இடத்தில் இரண்டு பக்கமும் சவரக் கத்தி போல மடங்கிக் கிடக்கும் ஒரு முள். அதனால் அந்தக் கடல் மீனுக்கே சர்ஜன் மீன் என்று பெயர். மகள் பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்த வருடம்தான் கண்ணாடித் தொட்டியோடு அவரை வாங்கி வந்தேன். வீட்டில் ஒரு டாக்டர் வேண்டும் என்ற ஆசை ஏதாவது ஒரு வழியில் நிறைவேற வேண்டாமா?

கூடுவாஞ்சேரியில் வளர்ப்பு மீன் கடைக்காரர் மீனைப் பையில் கட்டிக்கொண்டே சொன்னார்: “சார், இது செம ஆக்டரு. பயந்துச்சுன்னா அப்டியே சாஞ்சு படுத்துக்கும். செத்துப் பூட்ச்சுன்னு நீங்க தூக்கிப் போட்டுறாதீங்க.”

“அப்ப நம்ம ஜாதி” என்றேன். அவர் சிரித்தார். நான் அதைவிட அதிகம் சிரித்தேன். சிரித்ததோடு சரி, அவர் சொன்னதை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் எங்களுடையது இரண்டாவது மாடி. சமையலறையில் இரண்டு குழாய். ஒன்றில் வருவது நல்ல தண்ணி, குடிக்க, சமைக்க. மற்றதில் வருவது போர் தண்ணி. பாத்திரம் கழுவ, வீடு துடைக்க. வாயில் வைத்தால் கரிக்கும். அதனால் அதற்கு இந்தப் பக்கமெல்லாம் உப்புத் தண்ணி என்று பெயர். மீனுக்கான தண்ணீர் மூன்றாவது வகை. சுத்திகரித்த தண்ணீரில் அந்த மீன் கடையில் விற்கிற கடல் உப்பைக் கரைத்து, அளவு பார்த்து, பால்கனியில் ஒரு நீல டிரம்மில் மூடி வைத்திருப்பேன். ஒரு முறை என் மனைவி அதில் வீடு துடைக்கும் துணியை முக்கி எடுத்துவிட்டாள். மறுநாளே டிரம்மின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன்: ‘இதைத் தொடுபவருக்கு விவாகரத்து.’ வருகிறவர்கள் எல்லாம் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். அவள் அதன் பிறகு அந்த டிரம் பக்கமே போனதில்லை.

அது நடந்த அன்று, என் மனைவி டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் அரை நாள் விடுமுறை. நான் மறைமலை நகரில், கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனியின் கேன்டீனில் தயிர் சாதத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். போன் வந்தது.

“ஏங்க, டாக்டர் சாஞ்சு கெடக்குறாரு.”

“எப்படிச் சாஞ்சு?”

“ஒருக்களிச்சு. மணல்ல. நான் சும்மா கண்ணாடியத் தொடச்சேன், அவ்வளவுதான். டப்புன்னு விழுந்துட்டாரு.”

துடைத்த துணியைப் பார்த்துப் பயந்திருக்கிறார். இதைப் புரிந்துகொள்ள ஐந்து வயதுக் குழந்தையின் அறிவு போதும். என்னிடம் அன்று அதுவும் கைவசம் இல்லை. தண்ணீர் கெட்டுவிட்டது, விஷமாகிவிட்டது என்று முடிவே கட்டிவிட்டேன். தயிர்க் கையோடு எழுந்து நின்று கத்தினேன்.

“பாதித் தண்ணிய வெளிய எடு! உடனே உப்புத் தண்ணி ஊத்து!”

“எந்த உப்புத் தண்ணிங்க?”

“உப்புத் தண்ணின்னா உப்புத் தண்ணிதான்!”

“இல்லங்க, எந்த…”

“நம்ம வீட்ல என்ன, ஏழு சமுத்திரமா இருக்கு? ஊத்துடி!”

போனை வைத்துவிட்டேன். அந்தக் கடைசி வசனம் நன்றாக வந்துவிட்டது என்று அந்தப் பதற்றத்திலும் எனக்குள் ஒரு சின்னத் திருப்தி இருந்தது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அனுமதி கேட்டு, பஸ் பிடித்து, வண்டலூரில் நெரிசலில் நின்று, கண்டக்டரிடம் “சார், வீட்ல ஒரு உயிர் போராடிக்கிட்டு இருக்கு” என்று சொல்லி, அவர் பாவப்பட்டு எனக்கு உட்கார இடம் வாங்கிக் கொடுத்து, ஒரு வழியாக வீடு வந்து சேர்ந்தேன். மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் வரை நனைந்து நின்றாள். முட்டி வலிக்காரி. எட்டு வாளி சுமந்திருக்கிறாள்.

“பாதி மாத்திட்டேங்க” என்றாள். “ஊத்த ஆரம்பிச்சதும் எழுந்து நீந்துனாரு. இப்பதான் மறுபடி ஒரு மாதிரியா இருக்காரு.”

தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்தேன். பாத்திரம் கழுவுகிற தண்ணி ருசி.

“குழாய்த் தண்ணியையா ஊத்துன?”

“உப்புத் தண்ணின்னு நீங்கதானே சொன்னீங்க?”

அப்போதாவது நிதானமாக இருந்திருக்கலாம். நான் பால்கனிக்கு ஓடி டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினேன். அதற்கும் மேல் ஒரு கை உப்பை அப்படியே அள்ளிப் போட்டேன். ஒரே மதியத்தில் அந்த ஜீவன் கடலிலிருந்து கிணற்றுக்கும், கிணற்றிலிருந்து உப்பளத்துக்கும் போய் வந்தது. சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் மறுபடி சாய்ந்தது. இந்த முறை கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது.

“நடிக்கிறாரு” என்று மனைவியிடம் சொன்னேன். “கொஞ்ச நேரத்துல எழுந்துருவாரு பாரு.”

இருவரும் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தோம். நீலம் மெல்ல வெளுத்துக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் யாரோ மீனைப் பற்றிக் கேட்டார்கள். நான் விடுவேனா? “கடல் மீனுக்குப் போர் தண்ணி ஊத்துன ஒரே டீச்சர் உலகத்துலயே எங்க வீட்லதான் இருக்காங்க” என்று ஆரம்பித்தேன். எட்டு வாளி, புடவைச் செருகல், என் நாக்கு, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவளும் சிரித்தாள். அதன் பிறகு கல்யாண வீடுகளில், கிறிஸ்துமஸ் விருந்தில், மகளின் கல்லூரியில்கூட அந்தக் கதை ஓடியது. சொல்லச் சொல்ல மெருகேறியது. அவள் கேட்ட ஒரே ஒரு கேள்வியை மட்டும் நான் ஒரு முறையும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பு கெட்டுவிடும்.

போன வாரம் சமையலறையில் கேனுடன் நின்றுகொண்டு, “நல்ல தண்ணிதானே புடிக்கணும்? இந்தக் குழாய்தானே?” என்றாள். இருபது வருடமாக அவள் திறக்கிற குழாய். சில காலமாகவே இப்படி இரண்டு முறை கேட்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“அன்னைக்கு நீ கேட்ட” என்றேன்.

“என்னைக்கு?”

“டாக்டர் செத்த அன்னைக்கு. எந்த உப்புத் தண்ணின்னு போன்ல கேட்ட. நான்தான் பதில் சொல்லல.”

கேனைக் கீழே வைத்தாள். “கேட்டனா?” என்றாள். “எனக்கு ஞாபகமே இல்லையே. கேக்காமயே ஊத்திட்டேன்னுல்ல இத்தன நாளா நெனச்சுக்கிட்டு இருக்கேன்.”

“கேட்ட. ரெண்டு தடவை கேட்ட.”

ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தேடினேன். பால்கனிக்குப் போய் டிரம்மில் விவாகரத்து என்று நான் ஒட்டியிருந்த காகிதத்தைக் கிழிக்கப் பார்த்தேன். பசை காய்ந்து இறுகியிருந்தது. ‘தொடுபவருக்கு’ மட்டும் வந்தது.