தாளில் இல்லாத வரி

பதிவு செய்யும்போது மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் கேசட்டில் என் குரலுக்குப் பின்னால் விமானம் ஒன்று நிற்காமல் பறந்துகொண்டிருக்கும். ஜன்னலையும் சாத்த வேண்டும். கீழே காய்கறி வண்டிக்காரர் பத்து மணிக்கு வந்துவிடுவார். தில்லி லக்ஷ்மிபாய் நகரில் அப்பாவுக்கு ஒதுக்கப்பட்டிருந்த அரசுக் குடியிருப்பில் அறைகள் இரண்டு. உள் அறையில் கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தரையில் உட்கார்ந்து, டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தம்பியின் பி.ஏ. வரலாற்றுப் புத்தகங்களை நான் சத்தமாக வாசித்தேன். மூன்று வருடங்கள். மே மாதத்தில் ஒரு பக்கம் முடிவதற்குள் புத்தகத்தின் மேல் வியர்வை சொட்டும். முகலாயர்களின் நிலவரி பற்றிய கேசட்டில் குக்கர் விசில் நிறைய இருந்தது. எந்தப் பத்தி எங்கே வரும் என்பதற்கு அந்த விசில்கள்தான் தனக்கு அடையாளம் என்று தம்பி சொல்வான்.

நான் அப்போது ஐ.டி.ஓ. பக்கம் இருந்த ஓர் ஆங்கில நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவளாக இருந்தேன். காலை நேரம் தம்பிக்கு வேண்டும் என்பதால் மாலை ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சென்னை அலுவலகத்தில் ஓர் உதவி ஆசிரியர் இடம் காலியானபோது நான் மனுப் போடவில்லை. தில்லி பிடித்துவிட்டது என்று அலுவலகத்தில் சொன்னேன்.

தம்பிக்கு இருபத்தொரு வயது. அவனால் வாசிக்க முடியாது. எழுத்துக்கள் தெரியும், சொற்களும் தெரியும். ஆனால் அவை வரிசையாக வந்தால் அவனுக்கு ஒரு பக்கத்தைக் கடக்க அரை மணி நேரம் ஆகும். கடந்த பிறகு முதல் வரி மறந்திருக்கும். கேட்டதை மறக்க மாட்டான். இந்த விஷயம் அவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்குக் காரணம் எங்கள் மூன்று மொழிகள். ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள் இருவரும் தில்லியிலேயே ஒரு தமிழ்ப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தோம். பிள்ளை டெல்லியில் பிறந்தவன், தமிழ் அப்படித்தான் இருக்கும் என்றார் தமிழாசிரியர். மதராசிப் பையனுக்கு இந்தி இவ்வளவு வந்தால் போதும் என்றார் இந்தி ஆசிரியை. ஆறாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு மாறியபோது, தமிழ் மீடியத்தில் இருந்து வந்தவன் என்று சொல்லிவிட்டார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தத்தம் மொழியை மட்டும் பார்த்தார்கள்.

நானும் தாமதமாகத்தான் பார்த்தேன். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒரு நாள் அவனுடைய பழைய தேர்வுத்தாள் ஒன்றைக் கையில் பென்சிலோடு புரட்டிக்கொண்டிருந்தேன். அலட்சியத்தால் வரும் பிழை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு இடத்தில் வரும். இவனுடையது அப்படி இல்லை. முதல் பக்கத்தில் எங்கே சறுக்கினானோ ஆறாம் பக்கத்திலும் அதே இடத்தில் சறுக்கியிருந்தான். சோம்பேறி இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்ய மாட்டான் என்று தோன்றியது. அப்பாவிடம் சொன்னேன். அவர் ஓர் அமைச்சகத்தில் பிரிவு அதிகாரி. கவனம் இல்லை, அதான் என்று சொல்லிவிட்டுச் செய்தி பார்க்கப் போனார்.

கேசட்டுகள் அப்படித்தான் தொடங்கின. வீட்டுக் கட்டுரைகளை அவன் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடுநடுவே ஒன்றிரண்டு வரிகளை நானாகவும் சேர்ப்பேன். அவன் ஒன்றும் சொன்னதில்லை. அந்தக் கட்டுரைகளுக்கு நல்ல மதிப்பெண் வந்தது. தேர்வு அறையில் அவன் தனியாக எழுதியவற்றில் இரண்டு தாள்கள் மட்டும் திரும்பத் திரும்பத் தோற்றன. அடுத்த ஏப்ரலில் எழுதுவது கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் மூன்று வருடப் படிப்பும் கணக்கில் வராது.

வரலாற்று விரிவுரையாளர் ஒருவர்தான் அவனைக் கூப்பிட்டு, கட்டுரைகளை யார் எழுதுவது என்று கேட்டார். அவன் மறைக்கவில்லை. வகுப்பில் பதில் சொல்கிற பையனும் தேர்வுத்தாளில் இருக்கிற பையனும் ஒரே ஆள் இல்லை என்று அவருக்கு முன்பே சந்தேகம் இருந்திருக்கிறது. டிஸ்லெக்சியா என்ற சொல்லை நான் ஞாயிறு இணைப்பில் ஒரு முறை திருத்தியிருக்கிறேன். எங்கள் வீட்டுக்குள் அது அவர் கொடுத்தனுப்பிய சீட்டில்தான் வந்தது. அரசு மருத்துவமனையில் இருந்து சான்றிதழ் கொண்டுவந்தால், சொல்வதை எழுத ஓர் ஆளும் கூடுதல் நேரமும் தரலாம் என்று கல்லூரி சொல்லிவிட்டது.

அப்பா அந்தச் சீட்டை இரண்டு முறை படித்தார். முப்பது வருடம் கோப்புகளோடு இருந்தவர் அவர்.

"ஃபைல்ல ஏறிட்டுன்னா பொறவு எவன் எறக்குவான்? நாளைக்கு ஒரு கவர்மெண்ட் வேலைன்னா மெடிக்கல்ல கேப்பான்லா."

"ஃபெயிலானா வேலையே கிடையாதேப்பா" என்றேன்.

"படிச்சா எதுக்கு ஃபெயிலாவான்?"

தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தட்டில் இருந்து தலையைத் தூக்கவில்லை.

மருத்துவமனையில் முதல் நாள் அம்மா கூட வந்தாள். எப்போது நடந்தான், எப்போது பேசினான் என்ற கேள்விகளுக்கு அவள் தமிழில் சொன்ன பதில்களை நான் இந்தியில் சொன்னேன். பரிசோதித்தவர் ஐம்பது வயதுப் பெண்மணி. உளவியல் பிரிவைச் சேர்ந்தவர், குரலை உயர்த்தாதவர். கட்டைகளை அடுக்கச் சொன்னார். எண்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னார். தம்பி எல்லாவற்றையும் சீக்கிரம் முடித்தான். பிறகு ஆங்கிலத்தில் அர்த்தமே இல்லாத சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்தார். அங்கே நின்றுவிட்டான். இந்தியிலும் அதேதான். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, வீட்டில் பேசும் மொழி எது என்று கேட்டார்.

ஆங்கிலமும் இந்தியும் இவனுக்கு வெளியே கற்றவை. தாய்மொழியிலும் இதே தடை இருந்தால்தான் சான்றிதழ் தர முடியும் என்றார். தமிழுக்கு அவரிடம் பரிசோதனைத் தாள் கிடையாது. ஐந்தாம் வகுப்பு அளவில் ஒரு பாடம் கொண்டு வாருங்கள், நீங்களே பிழைகளைக் குறித்துக் கொடுங்கள் என்று என்னிடம் சொன்னார். தொழிலைக் கேட்டபோது மெய்ப்புத் திருத்துபவள் என்று நான் சொல்லியிருந்தேன். அப்பாவும் வர வேண்டும் என்றார்.

நாங்கள் படித்த தமிழ்ப் பள்ளிக்கு விடுமுறை. கரோல் பாக்கில் விசாரித்த இரண்டு கடைகளிலும் தமிழ்ப் பாடப்புத்தகம் இல்லை. பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் தம்பியுடைய ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் கிடைத்தது. பழைய தமிழ் நாளிதழில் நானே அட்டை போட்டிருந்தேன். கலங்கரை விளக்கத்தைப் பார்க்கப் போகும் பிள்ளைகள் பற்றிய பாடத்தைத் தேர்ந்தெடுத்தேன். குறிப்பதற்காக அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டேன். பத்து வருடத்துக்கு முந்தைய பாடம் நினைவிருக்குமா என்று அந்தப் பெண்மணி போனில் கேட்டார். இருக்காது என்றேன். யோசிக்காமல் சொன்ன பதில் அது.

அந்த அறை சிறியது. மேஜை, நான்கு நாற்காலி, பாதி நீலம் அடித்த சுவர். ஜன்னலில் இருந்த கூலர் ஓடவில்லை. அது வெளிச்சத்தையும் மறைத்துக்கொண்டிருந்தது. தம்பி மேஜைக்கு முன்னால், அவன் வலப்பக்கத்தில் நான், கதவை ஒட்டி அப்பா. யாராவது வெளியே போக வேண்டுமானால் அப்பா எழுந்து நாற்காலியை மடக்க வேண்டும்.

"ஏல, நல்லா பாத்து வாசி" என்றார் அப்பா.

தம்பி வாசிக்கத் தொடங்கினான். முதல் பத்தியில் பிழை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. நிறுத்தக்குறிகளில் நின்றான், கேள்விக்குறியில் குரலை உயர்த்தினான். விரல் வரியின் கீழே நகர்ந்துகொண்டிருந்தது. என் பென்சிலுக்கு வேலை இல்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்காரும் சத்தம் கேட்டது.

மூன்றாம் பத்தியின் கடைசியில் தம்பி, "அன்று கடல் அமைதியாக இருந்தது" என்றான்.

என் தாளில் அந்த வரி இல்லை. எட்டிப் பார்த்தேன். அவன் கையில் இருந்த புத்தகத்திலும் இல்லை. அது எனக்குத் தெரிந்த வரி. எனக்கு நான்கு வருடம் கழித்து அவன் அதே வகுப்புக்கு வந்தபோது புத்தகத்தைத் திருத்தி அச்சிட்டிருந்தார்கள்; இரண்டொரு வாக்கியங்களை எடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நான் வைத்திருந்தது என் பழைய புத்தகம். தினமும் மாலையில் நான் உரக்க வாசிப்பேன், அவன் தரையில் படுத்துக் கேட்பான். இத்தனை நேரமும் அவன் என்னைத்தான் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தான். கேள்விக்குறியில் உயர்ந்த குரல்கூட என்னுடையது.

தாளில் இல்லாததைச் சேர்த்துச் சொன்னால் ஒரு பிழை என்று அந்தப் பெண்மணி முன்பே விளக்கியிருந்தார். நான் ஒரு குறி போட்டேன். பாடம் முடிந்தது. அவர் என் தாளை வாங்கி, மொத்தம் ஒரு பிழை என்று எழுதிக்கொண்டார். அந்தக் கணக்கில் தவறில்லை. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மூலத்தைச் சத்தமாக வாசிக்க இன்னொருவர் அச்சுப் பிரதியைப் பார்ப்போம். கண்ணெதிரே இருப்பதைக் குறி, உனக்குத் தெரிந்ததைக் குறிக்காதே என்பது அங்கே முதல் நாள் சொல்லும் விதி. அதன்படி என் வேலை முடிந்துவிட்டது.

தாய்மொழியில் குறை இல்லை, ஆங்கிலத்துக்குத் தனிப் பயிற்சி எடுத்தால் சரியாகிவிடும் என்று அவர் அப்பாவிடம் சொன்னார். நான் சொன்னேனே மேடம் என்று அப்பா இந்தியில் சொல்லிச் சிரித்தார். தம்பி புத்தகத்தை மூடி அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டான். அந்தப் பெண்மணி அறிக்கைக்கான தாளை எடுத்து அவன் பெயரை எழுத ஆரம்பித்தார். ஏப்ரலுக்கு மூன்று மாதம் இருந்தது.

இவன் வாசிக்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னான் என்றேன். ஒரு வாக்கியம் புத்தகத்திலேயே இல்லை என்று காட்டினேன்.

தம்பி என் பக்கம் திரும்பவில்லை. "அக்கா, ரஹ்னே தே" என்றான். விட்டுவிடு என்று.

அந்தப் பெண்மணி பேனாவை மூடிவிட்டு, இவன் பார்த்தே இராத வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். அந்த அறையில் வேறு தமிழ் எழுத்து கிடையாது. நான் அவன் கைக்கு அடியில் இருந்து புத்தகத்தை இழுத்து, அட்டையைக் கழற்றி, மடிப்பை நீவி மேஜையில் விரித்தேன். ஏதோ ஓர் ஊரில் புதிய பேருந்து நிலையம் திறந்த செய்தி. பதினான்கு வரிகள்.

"பேப்பர்தானல, வாசி" என்றார் அப்பா.

தம்பி தொடங்கினான். முதல் வரியில் இருந்து இரண்டாம் வரிக்குப் போகாமல் மறுபடி முதல் வரிக்கே வந்தான். இரண்டாவதில் ஒரு சொல்லைப் பாதியில் விட்டான். அப்பா எடுத்துக்கொடுத்தார். மூன்றாவதிலும் கொடுத்தார், வரைவுக் கடிதத்தைத் திருத்துகிற அவசரத்தோடு. ஐயா, நீங்கள் சொல்லக் கூடாது என்று அந்தப் பெண்மணி கையைக் காட்டினார். அதன் பிறகு அறையில் தம்பியின் குரல் மட்டும். அவன் கழுத்தில் வியர்வை இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, அவன் விரல் கடந்த வரிகளில் அந்தத் தாளிலேயே நான் குறித்தேன். ஏழாம் வரிக்குள் என் பென்சில் ஓரத்தில் இடம் இல்லாமல் வரிகளுக்கு நடுவே எழுத ஆரம்பித்திருந்தது.

"போதும்ல. வச்சிரு" என்றார் அப்பா. பிறகு அந்தப் பெண்மணியிடம், "இனஃப், மேடம்."

பத்தி முடிய வேண்டும், இல்லாவிட்டால் கணக்கில் எடுக்க முடியாது என்றார் அவர். வருத்தத்தோடுதான் சொன்னார்.

மீதி ஏழு வரிகளையும் தம்பி வாசித்தான். அப்பா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். முடித்தபோது அந்தப் பெண்மணி கடிகாரத்தை நிறுத்தினார். ஒன்பது நிமிடம்.

பஸ்ஸில் தம்பி எங்கள் இருவரையும் விட்டு முன்னால் போய் நின்றுகொண்டான். வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எத்தன வருசமா இப்படி வாசிக்கான்?" என்று என்னிடம் கேட்டார்.

"எப்பவுமே இப்படித்தான்ப்பா."

"எங்கிட்ட அவன் சொல்லலயே."

நான் சொன்னேன் என்பதை அவருக்கு நினைவூட்டவில்லை.

பத்து நாளில் சான்றிதழ் வந்தது. அப்பா அதில் ஐந்து ஜெராக்ஸ் எடுத்து, தன் அலுவலகத்தில் ஓர் அதிகாரியிடம் அத்தாட்சிக் கையெழுத்து வாங்கினார். விண்ணப்பத்தை இரண்டு முறை வரைந்து பார்த்துவிட்டு, அரை நாள் விடுப்புப் போட்டுத் தானே கல்லூரியில் கொண்டுபோய்க் கொடுத்தார். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கி வந்து பீரோவில் வைத்தார். கோப்பில் ஏறுவது பற்றி அவர் பிறகு பேசவே இல்லை. தம்பி என்னிடம் வேண்டிய அளவுக்கு மட்டும் பேசினான். கேசட்டுகளைக் கேட்டான். உள் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, என் குரலை, பக்கத்து அறையில் நான் இருக்கும்போதே. புதிதாக எதையும் வாசித்துத் தரச் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தைரியம் வரவில்லை.

சொல்வதை எழுதும் ஆள் உறவினராக இருக்கக் கூடாது, தேர்வு எழுதுபவரை விடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த, பிளஸ் டூ முடித்த ஒரு நடுத்தர வயதுக்காரரை ஏற்பாடு செய்தார்கள். தேர்வன்று தம்பியைத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். முதல் தாளுக்கு நானும் போனேன். வர வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. எல்லோரும் வெளியே வந்த பிறகு அவனுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன்.

வந்தான். எப்படி எழுதினாய் என்று கேட்டேன்.

"டீக் டாக்" என்றான், பரவாயில்லை என்று. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அந்த ஆளு நல்லவர்க்கா. நான் சொன்னத அப்படியே எழுதினார். நடுவுல எதுவும் சேக்கல" என்றான்.

அதில் குத்தல் இருந்ததா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை. பஸ் வந்துவிட்டது.

இரண்டு தாளிலும் தேறினான், ஒன்றில் நாற்பத்தொன்று, ஒன்றில் ஐம்பத்தெட்டு. ஐம்பத்தெட்டு வாங்கியது முகலாயர் தாளில்.

முடிவு வந்த வாரத்தில் ஒரு காலையில் நான் உள் அறைக்குள் போய், ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வாசிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பது சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது. துணி எடுக்க வந்த அம்மா, என்னத்துக்கு இப்படிப் புழுங்கிக்கிட்டு இருக்க என்று கேட்டு, சுவிட்சைப் போட்டுவிட்டுப் போனாள்.