நாலாவது ஆளுக்கு வாடகை

குற்றாலத்து விடுதிகளின் கட்டணப் பலகைகளை நான் படித்த அளவுக்கு, அங்கே குளிக்க வருகிறவர்கள் அருவியைப் பார்த்திருக்க மாட்டார்கள். வணிகவரி அலுவலகத்தில் நான் வேலை பார்த்த காலத்தில் சொகுசு வரி என்று ஒன்று இருந்தது. அறையில் கொசுவைத் தவிர வேறு சொகுசு இல்லாவிட்டாலும் வரி உண்டு. வரி அறை வாடகைக்குத்தான் என்பதால், சிலர் வாடகையைக் குறைத்துக் காட்டிவிட்டு மிச்சத்தை வேறு பெயர்களில் வாங்கிக்கொள்வார்கள். வெந்நீர், ஜெனரேட்டர், கூடுதல் மெத்தை, எண்ணெய்க் கறை பட்ட விரிப்பு. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டெலிபோன். வெளியே பூத்தில் பேசுவதையே அறையிலிருந்து பேசினால் பல மடங்கு கட்டணம். அதற்குச் சேவைக் கட்டணம் என்று பெயர். சேவை என்னவென்றால், நாம் பேசி முடிக்கும்வரை கீழே ஒருவர் ஒட்டுக்கேட்பது.

சொகுசு வரி போய்விட்டது. நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். கட்டணங்கள் மட்டும் இன்னும் பணியில் இருக்கின்றன.

போன சாரல் சீசனில் குற்றாலத்தில் அப்படி ஒரு விடுதிக்கு நான், என் தங்கை, அவள் மகள் ஆகிய மூவரும் போனோம். குளிக்க அல்ல. அருவியில் வெள்ளம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். அதனால்தான் அந்தக் காலத்திலும் அறை கிடைத்தது.

தங்கை குத்துக்கல்வலசையில் இருக்கிறாள். கணவர் இல்லை. ஒரே மகளை வீரகேரளம்புதூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளைக்கு வளைகுடாவில் வேலை. விடுமுறையில் வருவார், போவார். பெண் மாமியாரோடு இருந்தாள். அந்த வீட்டில் அடி உதை ஒன்றும் இல்லை. மகன் போன் செய்தால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருந்தது, அவ்வளவுதான். கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷனோடு பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் மாமியார் முறுக்குக் கடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். ஒரு நாள் பெண் பையை எடுத்துக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். தென்காசியில் ஒரு தனி வீடு, ஒரு வேலை. அவள் கேட்டது இவ்வளவுதான். மாப்பிள்ளை விடுமுறையில் வந்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் பொதுவான இடத்தில் உட்கார்ந்து பேசலாம், தான் மட்டும் தனியாக வருவதாகச் சொல்லியிருந்தார். அவர் வந்தால் இந்தக் கல்யாணம் பிழைக்கும். வராவிட்டால் இல்லை. எங்கள் மூன்று பேருக்கும் இது தெரியும். பேச்சு நல்லபடி முடிந்தால் அவர்கள் இருவரும் ஓர் இரவாவது தனியாக இருக்கட்டும் என்று தங்கைதான் அறையை மறுநாள் வரைக்கும் பிடிக்கச் சொன்னாள். மலையில் மேகம் இறங்கினால் அங்கே செல்போன் வேலை செய்யாது என்று விடுதி நம்பரையும் மாப்பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தாள்.

மேலாளர் செங்கோட்டைக்காரர். "எத்தனை பேரு சாரே?" என்றார்.

நான் வாய் திறப்பதற்குள் தங்கை, "நாலு பேரு" என்றாள்.

அவர் எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். "நாலாவது ஆளு வண்டிய நிப்பாட்டுதாவளா?"

"வருவாவ."

"ரூம் ரெண்டு பேருக்குத்தான். மேல வார ஆளுக்குத் தலைக்கு எக்ஸ்ட்ரா. எல்லாரு ஆதாரும் வேணும்."

நான் தங்கையைத் தனியே கூப்பிட்டேன். "ஏட்டி, நாம மூணு பேருதானே?"

"அந்த வார்த்தைய வாயில எடுக்காதிய அண்ணே" என்று பையைத் திறந்து காட்டினாள். கைக்குட்டையில் சுற்றிய ஒரு கூழாங்கல்.

நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். போயே ஆகவேண்டும் என்றால் ஒரு கல்லை நாலாவது ஆளாகக் கூட்டிப்போக வேண்டும். ஊர்ப் பெயரிலேயே கல் இருப்பதால் தங்கைக்குத் தட்டுப்பாடும் இல்லை. ஆனால் பேருந்தில் கல்லுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் யாரும் கிடையாது. விடுதியில் அறை எடுத்தவர்கள் இருப்பார்கள் என்றும் நான் நினைக்கவில்லை.

"கல்லுக்கு எக்ஸ்ட்ரா கேக்கான்" என்றேன்.

"குடுப்போம்."

"ஆதார் கேக்கானே?"

"நீங்க ஆபீசராத்தானே இருந்திய. ஏதாவது சொல்லுங்க."

இல்லாத ஆளை இருப்பதாக எழுதிய கணக்குகளைச் சிவப்பு மையில் அடித்துத்தான் நான் ஓய்வூதியம் வாங்குகிறேன். அப்படிப்பட்ட நான் மேஜைக்குத் திரும்பி, "நாலாவது ஆள் பிறகு வருவார், அடையாள அட்டை அப்போது தருகிறோம்" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை. தங்கைக்கு நாலாவது ஆள் கல். எனக்கும் அவள் மகளுக்கும் அது மாப்பிள்ளை.

கையெழுத்துப் போடும்போது பின்னால் தொங்கிய பலகையைப் படித்தேன். வெளியிலிருந்து வரும் அழைப்பை அறைக்கு இணைக்கத் தனிக் கட்டணம் என்று ஒரு வரி இருந்தது. நான் கேள்விப்படாத கட்டணம் ஒன்று இன்னும் மிச்சம் இருந்திருக்கிறது.

"வார காலுக்கு யாருவே சார்ஜ் போடுதா?"

"லைன் நம்மதுல்லா சாரே."

"பேசுதவன் துட்டு குடுத்துத்தானே பேசுதான்?"

"அவன் கம்பெனிக்குக் குடுக்கான். நமக்கு என்ன தாரான்?"

"மாமா, வாங்க" என்றாள் தங்கை மகள். அன்று காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

மதியம் தங்கை நாலு சாப்பாடு வாங்கச் சொன்னாள். கல் சாப்பிடாது என்பதால், ஒன்று மாப்பிள்ளைக்கு என்று புரிந்துகொண்டேன். நாங்கள் சாப்பிட்டு இலையை மடித்தோம். நாலாவது பொட்டலம் மேஜையில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே மலை தெரியவில்லை, அருவியின் இரைச்சல் மட்டும் கேட்டது. கட்டிலுக்கு மேலே, எண்ணெய் தேய்த்துக்கொண்டு மெத்தையில் உட்காரக் கூடாது, கறைக்குக் கட்டணம் உண்டு என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். தங்கை அதன் கீழே தலைக்கு எண்ணெய்கூட வைக்காமல் உட்கார்ந்து, வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் சேலையைச் சரிசெய்துகொண்டாள். பெண் செல்போனை ஜன்னல் கம்பியில் சாய்த்து வைத்திருந்தாள். அதில் சிக்னல் ஒரு கோடுகூட ஏறவில்லை.

சாயங்காலம் அறை டெலிபோன் அடித்தது. நான் எடுத்தேன்.

"சாரே, உங்க நாலாவது ஆளு லைன்ல இருக்காவ. ரூமுக்குக் குடுத்தா சார்ஜ் உண்டு. கீழ வந்து பேசினா இல்ல."

"குடுங்க" என்று சொல்ல வந்தேன். தங்கை மகள் அதற்குள் எழுந்து கதவைத் திறந்திருந்தாள். "கீழயே பேசுதேன் மாமா." கட்டணத்துக்காக அல்ல. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச அவளுக்கு மனம் இல்லை. நானும் கூடப் போனேன்.

மேலாளர் ரிசீவரை அவளிடம் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று, சுவரில் மாட்டியிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தார். பழைய ஆட்கள் இந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்வார்கள். இவரோ டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் கூட்டியும் வைத்தார்.

"சொல்லுங்க" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னார் என்பது எனக்குக் கேட்கவில்லை. அவள் பேசியது மட்டும் கேட்டது.

"மழைன்னா, வீரகேரளம்புதூர்ல இருந்து இங்கன வர பஸ்ஸே இல்லையா? ... சரி. ... பக்கத்துல யாரு இருக்கா? ... நான் யாரு இருக்கான்னு கேட்டேன்."

ரிசீவரின் சுருண்ட ஒயரை விரலில் சுற்றினாள். அப்புறம் குரலை உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை.

"ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கிய, எனக்குத் தெரியுது. நல்லதாப் போச்சு. அத்தே, கேக்குதா? நீங்களும் கேட்டுக்கிடுங்க. உங்க மகன் தனியா வந்து என் முகத்தப் பாத்துப் பேசியிருந்தா, நான் எதுக்கும் சரின்னு சொல்லியிருப்பேன். தனி வீடுகூட வேண்டாம்னு சொல்லியிருப்பேன். இனி எனக்குப் பேச ஒண்ணும் இல்ல."

அங்கிருந்து ஏதோ சொன்னார்கள். "யோசிக்க வேண்டாம். வரலைல்லா, அதுதான் பதிலு" என்று சொல்லி ரிசீவரை வைத்தாள். வைத்தபிறகும் அதன் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

மாடிப்படியில் என்னிடம், "அம்மாட்ட நானே சொல்லுதேன்" என்றாள்.

தங்கை கதவருகிலேயே நின்றாள். "எப்போ வருவாவளாம்?"

"வரலம்மா."

"நாளைக்கா?"

"இனி வரல. நானும் போகல."

தங்கை கட்டிலில் உட்கார்ந்தாள். பையைத் திறந்து கைக்குட்டையை அவிழ்த்துப் பார்த்தாள். எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தோமா என்று சரிபார்க்கிறவள்போல இருந்தது. "நாலு பேராத்தானே வந்தோம்" என்றாள் என்னிடம். "கல்லு எடுத்துட்டுத்தானே அண்ணே வந்தேன்."

எனக்கு எல்லா மேல்முறையீட்டுக்கும் விதி தெரியும். இதற்கு அவள் மகளைத்தான் பார்த்தேன்.

மகள்தான் பதில் சொன்னாள். "கல்லு வந்துச்சும்மா. அவருதான் வரல."

தங்கை சிரிக்கப்போகிறாள் என்று ஒரு கணம் நினைத்தேன். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தச் சாப்பாட்டுப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை. நான்தான் வராந்தாக் குப்பைத் தொட்டியில் போட்டேன்.

காலையில் புறப்பட்டோம். மேலாளர் பில்லை அடிப்பதற்கு முன்னால், "நாலாவது ஆளு வரலைல்லா சாரே. அத எடுத்துருதேன். நியாயம் வேணுமே" என்றார். நாற்பது வருடத்துக்கும் மேலாக இந்தத் தொழிலைக் கவனிக்கிறேன். சேர்த்த கட்டணத்தைக் கேட்காமலேயே ஒருவர் எடுப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எடுங்கள் என்று நான் தலையாட்டினேன்.

தங்கை மகள் பையிலிருந்து கல்லை எடுத்து, "இத இங்கயே வச்சிரவாம்மா?" என்றாள். மேஜையில் செயற்கைப் பூச்சாடி ஒன்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

தங்கை அதைப் பார்த்தாள். இரவு முழுக்க அழுத முகம். "எதுக்கு வைக்க? வீட்டுக்குத்தானே போறோம். அதுவும் நல்ல காரியம்தான்" என்றாள். மகள் தலை நிமிர்ந்து அவளையே பார்த்தாள். தங்கை மேலாளர் பக்கம் திரும்பி, "நாலுன்னே இருக்கட்டும் தம்பி. குறைக்காதிய" என்றாள்.

மேலாளர் கல்லைப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ புரிந்தது. செங்கோட்டையிலும் தாய்மார்கள் உண்டு. "அப்போ இருக்கட்டும்" என்று பில்லை அடித்துக் கொடுத்தார். நபர்கள்: நான்கு. கூடுதல் நபர்: இரண்டு. நான் பணத்தைக் கட்டிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆட்டோவில் தங்கை நடுவில் உட்கார்ந்தாள். கல் அவளிடம் இல்லை. மகள் அதைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

"கனக்குதா?" என்று கேட்டேன்.

"கனக்கத்தான் செய்யுது மாமா" என்றாள்.