நறுக்கிய கீரை

தருமபுரியில் வாடகை வீட்டில் நான் தனியாக இருந்தபோது, தினமும் காலையில் ஒரு கீரைக்கார அம்மா வருவார். என் வயதுதான் இருக்கும். வெயிலில் கறுத்த முகம், தோளில் ஈரத்துண்டு. பழுத்த இலைகளைக் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் கீரைக்கட்டைக் கையில் கொடுப்பார்.

அவர் முகத்துக்காகவே வாங்குவேன். அலுவலகம் விட்டு வந்தால் அடுப்பைப் பற்றவைக்கத் தோன்றாது. பன்னைத் தின்று டீ குடித்துவிட்டுப் படுத்துவிடுவேன். கீரை அழுகிப்போகும்.

ஒருநாள் வாசல் குப்பைக்கூடையில் பிரிக்காத மூன்று கட்டுகளை அவர் பார்த்துவிட்டார்.

"ஆயறதுக்கு அலுப்பா இருக்குதுங்களா?" என்றார்.

"ஆமாங்க. ஒருத்தனுக்காக என்னத்த சமைக்கிறதுன்னு..."

"எனக்கும் அப்படித்தாங்க. அரிசி வேகறப்பவே பருப்பையும் கீரையையும் அதுலயே போட்டுருவேன். ஒரே சட்டியில வேலை முடிஞ்சிரும்."

மறுநாள் முதல் எனக்கு மட்டும் ஆய்ந்து, அலசி, நறுக்கியே கொண்டுவந்தார். அவர் சொன்னபடி இரண்டு நாள் சமைத்தேன். நன்றாகவே இருந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் அலுப்பு. தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில், அவர் கண்ணில் படாதபடி, கீரையைப் பையோடு போட்டுவிட்டு வந்தேன்.

காலையில், "நேத்து ஆக்குனீங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருந்துச்சுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னைக்கு ஒரு கைப்பிடி சேத்தியே வெச்சிருக்கறேன்" என்று பையை நீட்டினார். விரல் நுனிகளில் கீரைக்கறை இருந்தது.

அன்று மாலை அதைச் சமைத்து மிச்சமில்லாமல் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்லியிருந்தாலும் அவர் கோபித்திருக்க மாட்டார் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.