பழனி அறையின் இரண்டாவது சாவி

செய்யாத குற்றத்தை ஒரு மனிதர் தன் தலையில் ஏற்றுக்கொண்டார். செய்தவன் நான். அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு மட்டுமல்ல, அவர் உயிரோடு இருந்தவரை திறக்கவில்லை. சிறுவன்தானே என்று யாராவது சொல்லக்கூடும். சிறுவனாக இருந்தது சில வருஷங்கள்தான். அதற்குப் பிறகும் நான் பேசவில்லை.

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் கூப்பிடு தூரம். சித்தப்பா ஸ்டேஷனில் டிக்கெட் கிளார்க். கல்யாணம் செய்துகொள்ளாதவர். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ரயில் வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றின் கையில் இருந்தது. பிறகு அரசாங்கத்திடம் வந்து பெயர் மாறிவிட்டது. எங்களுக்கெல்லாம் அது ரயில். அவருக்கு மட்டும் கடைசிவரை 'கம்பெனி'. கம்பெனி காலத்தில் வண்டி நேரத்துக்கு வந்தது, கம்பெனி காலத்தில் பிளாட்பாரத்தில் எவனும் துப்பவில்லை. வீட்டில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்கள். அலுக்காத ஒரே ஆள் அவருடைய சிநேகிதர். பூட்டுப் பட்டறை வைத்திருந்தவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன்.

இருவரும் சேர்ந்து அந்தக் கம்பெனியை எங்கள் வீட்டுக்குள் திரும்பக் கட்டினார்கள். கொடைக்கானலிலிருந்து சொந்த நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் விற்ற சாமான்களில், கரண்டில் ஓடும் இரண்டு பொம்மை எஞ்சின்களும் கொஞ்சம் தண்டவாளமும் கிடைத்தன. மாமா அவற்றின் மேலுடம்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பூட்டுக்கு வாங்கிய பித்தளைத் தகட்டில் கம்பெனி எஞ்சினின் உருவத்தை அடித்துப் பொருத்தினார். தகரத்தில் பெட்டிகள் செய்தார். கம்பெனி காலத்துப் பெட்டிகளின் நிறம் எது என்பதில் இருவருக்கும் பெரிய சண்டை. அது தீராமலே பாதிப் பெட்டிகள் ஒரு நிறத்திலும் மீதி வேறு நிறத்திலும் ஓடின.

வீட்டின் முன்னறை திண்டுக்கல். பக்கத்து அறை பழனி. நடுவில் சுவர், கதவு கிடையாது. ஓர் அறையிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால் வெளியே வந்து முற்றத்தைச் சுற்ற வேண்டும். மாமா சுவரில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ஒற்றைத் தண்டவாளத்தைக் கொண்டுபோனார்.

"திண்டுக்கல்லுக்கும் பழனிக்கும் நடுவுல ஏது மச்சான் குகை? கம்பெனி மேப்புலயே இல்லையே" என்றார் சித்தப்பா.

"உம்ம கம்பெனிக்காரன் வக்கில்லாம விட்டத நான் குடைஞ்சிருக்கேன். பேசாம வண்டிய விடும்யா."

அந்தச் சுவரால்தான் ஒரு சிக்கல் வந்தது. திண்டுக்கல்லில் நிற்பவருக்குப் பழனி தெரியாது. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வண்டியைக் கிளப்பினால் குகைக்குள் மோதிக்கொள்ளும். நிஜ ரயிலில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று சித்தப்பா என்னிடம் ஒருமுறை சொன்னார்.

"ஏலே அப்பு, ஒத்தத் தண்டவாளத்துல எதுக்க வண்டி வரலைன்னு டிரைவருக்கு எப்படிலே தெரியும்?"

"தெரியாது சித்தப்பா."

"தெரியவே வேணாம். கையில டோக்கன் இருந்தாப் போதும். ஒரு லைனுக்கு ஒரு டோக்கன்தான். அது நம்மகிட்ட இருக்குன்னா எதுக்க ஒருத்தனும் இல்லைன்னு அர்த்தம். கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்."

மாமா அதையே பூட்டாக்கினார். ஒவ்வோர் அறையிலும் ஒரு சுவிட்சுப் பெட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பூட்டு. பூட்டைத் திறந்தால்தான் அந்த அறையில் நிற்கும் வண்டி புறப்படும். திறந்த பூட்டிலிருந்து சாவியை உருவ முடியாது. திரும்பப் பூட்டினால்தான் சாவி கைக்கு வரும். இரண்டு பூட்டுக்கும் சாவி ஒன்றே ஒன்று. அதைச் செய்து முடித்த அன்று, சாவியின் அச்சைச் சித்தப்பாவின் கண்ணெதிரே சுத்தியலால் அடித்து நசுக்கினார். எந்தப் பூட்டைக் கொடுத்தாலும் அவர் அப்படித்தான் செய்வார். அவருடைய பட்டறைக்கு அதுதான் பெயர். சொல்லாத சாவி அவர் பட்டறையில் இருக்காது என்று நகைக்கடைக்காரர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள்.

திண்டுக்கல்லுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் சித்தப்பா. பழனிக்கு மாமாவின் மகள். என் வயதுதான் அவளுக்கும். அரம் பிடிக்கவும் பித்தளை பற்றவைக்கவும் தெரிந்தவள். எனக்குக் கொடுத்த வேலை, முற்றத்தைச் சுற்றி ஓடிச் சாவியை ஓர் அறையிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோவது. ஒருநாளாவது நான் பெட்டியைத் திறக்கிறேன் என்று கெஞ்சினேன்.

"டோக்கன் கொண்டுபோறவன் வண்டி ஓட்டக் கூடாது. கம்பெனி ரூல்" என்றார் சித்தப்பா. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாவி என் கையில் இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்றத்தில் துவைக்கிற கல்லின் மேல் கிடந்த சோப்பில் அதை அழுத்தி எடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குடையின் கீழ் உட்கார்ந்து சாவி ராவுகிறவரிடம் அந்தச் சோப்பைக் கொண்டுபோனேன்.

"சோப்புல அச்செடுக்கிறது களவாணிப் பய வேலையில்ல? எந்த வீட்டுக்கு அப்பு போகப்போற?" என்று சிரித்துக்கொண்டே ராவிக் கொடுத்தார்.

வீட்டில் யாரும் இல்லாத மத்தியானங்களில் பழனியிலிருந்து வண்டி விட்டேன். குகைக்குள் நுழைந்து போகும் சத்தத்தைச் சுவரில் காது வைத்துக் கேட்டேன். பிறகு சுற்றி ஓடிப்போய்ப் பார்த்தால் திண்டுக்கல்லில் வந்து நின்றிருக்கும். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கப்போவதில்லை.

தைப்பூசத்துக்குச் சில நாள் முன்பு, ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து இரண்டு மண்டிக்காரர்கள் மாமாவைத் தேடி வந்தார்கள். மார்க்கெட்டிலுள்ள கடைகளுக்கெல்லாம் ஒரே பட்டறையில் பூட்டுச் செய்ய நினைத்தார்கள். மாமாவின் வாழ்க்கையில் அப்படி ஒரு வேலை வந்ததில்லை. கைத்திறனைக் காட்ட அவர் அவர்களை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். தெருப்பிள்ளைகளும் கூடிவிட்டார்கள்.

வெளியாள் வந்தால் சித்தப்பா வண்டியைக் கிளப்புமுன் கம்பெனியின் சரித்திரத்தைச் சொல்லுவார். முதல் தண்டவாளம் போட்டதில் தொடங்கிப் பழனிக்கு லைன் வந்தது வரை. செத்த நேரத்தில் முடியாது. அந்த அவகாசத்தை நான் நம்பினேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே பழனி வண்டியை விட்டால், எல்லோர் கண்முன்னும் அது குகையிலிருந்து வெளியே வரும். யார் விட்டது என்று வாயைப் பிளப்பார்கள். நான் விட்டது என்று அப்போது சொல்லலாம். இதுதான் என் திட்டம்.

முற்றத்தைச் சுற்றிப் பழனிக்குப் போனேன். மாமாவின் மகள் அங்கே இல்லை; காப்பி எடுத்துப்போக அம்மா அவளை அடுப்படிக்குக் கூப்பிட்டிருந்தாள். என் சாவியைப் போட்டுத் திறந்தேன்.

முன்னறையில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். மண்டிக்காரர்களில் ஒருவர், "ஏனுங்க, நாலு மணி பஸ்ஸப் பிடிக்கோணுங்க. வண்டிய மட்டும் காட்டிப்போடுங்க" என்றிருக்கிறார். வாழ்க்கையில் முதல்முறையாகச் சித்தப்பா சரித்திரத்தை விட்டுவிட்டு நேராகப் பெட்டியைத் திறந்திருக்கிறார்.

குகைக்குள்ளிருந்து தகரம் நசுங்குகிற சத்தம் வந்தது. நான் பெட்டியைப் பூட்டி, சாவியை உருவிக்கொண்டு கொல்லைப்பக்கமாக ஓடினேன். பிறகு வாசல் வழியாக வந்து கூட்டத்தோடு கூட்டமாகப் பழனி அறைக்குள் நுழைந்தேன். அங்கே காப்பித் தம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். பெட்டி பூட்டியிருந்தது. உண்மையான சாவியோ திண்டுக்கல் பூட்டிலேயே மாட்டிக்கொண்டு இருந்தது.

சித்தப்பா பெட்டியைப் பார்த்தார். குகை வாயில் நசுங்கிக் கிடந்த எஞ்சினைப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"மச்சான், இது ரெண்டாவது சாவி இல்லாம நடக்காது. இருக்கா, இல்லையா?"

மாமா சித்தப்பாவைப் பார்க்கவில்லை. தன் மகளைப் பார்த்தார். அவள் கையிலிருந்த தம்ளர்கள் நடுங்கின. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இருக்கு. நாந்தான் போட்டேன். விளையாட்டுக்கு" என்றார்.

மண்டிக்காரர்களில் மூத்தவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "விளையாட்டு வண்டிக்கே ரெண்டு சாவின்னா, எங்க கடைக்கு எத்தனைங்க?" என்று மரியாதையாகவே கேட்டுவிட்டு வெளியே போனார்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பிறகு ஒரு குழப்பம். ஒருவேளை மாமாவும் ஒரு சாவி செய்து வைத்திருந்தாரோ என்றுகூட யோசித்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும், சொல்வதற்கு முன் ஏன் மகளைப் பார்த்தார் என்பதும் அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. மறுநாள் என் சாவியைக் கோட்டைக்குளத்தில் எறிந்தேன்.

சித்தப்பா தண்டவாளத்தைப் பிரித்துச் சாக்கில் கட்டினார். சிநேகிதர்கள் இருவரும் அதன் பிறகு பேசிக்கொள்ளவில்லை. நடந்த கதையை மண்டிக்காரர்கள் பஸ்ஸிலேயே சொல்லியிருக்க வேண்டும். 'ரெண்டு சாவிக்காரர்' என்று மாமாவுக்குப் பெயர் வந்தது. நகைக்கடைக்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். பட்டறையை மூடிவிட்டு அவர் இரும்பு பீரோ செய்கிற ஓரிடத்தில் கூலிக்குச் சேர்ந்தார். நான் படித்து, சென்னையில் கல்லூரி ஆசிரியனாகி, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவரைத் தெருவில் பார்த்தேன். "என்ன அப்பு, நல்லா இருக்கியா?" என்று கேட்பார். நல்லா இருக்கேன் மாமா என்பேன்.

எனக்கும் ஒரு மகள் பிறந்தாள். பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு பொருள் காணாமல் போய் அவள்மேல் பழி வந்தது. தலைமையாசிரியர் முன்னால் அவள் நடுங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும், நான்தான் தெரியாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்விட்டேன் என்று ஒரு பொய் என் வாயிலிருந்து தானாக வந்தது. அவள் எடுத்தாளா என்று நான் கேட்கக்கூட இல்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் எனக்கு மாமாவின் பார்வை புரிந்தது. தன் மகள்தான் செய்தாள் என்று அவர் நினைத்துவிட்டார். உடனே திண்டுக்கல்லுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அடுத்த வருஷம் அவர் இறந்தார். அதற்கும் நான் போகவில்லை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்த பிறகு, சித்தப்பா கட்டி வைத்த சாக்கைப் பிரித்தேன். என் வயதுக்கு அது பெரிய வேலை. அதே இரண்டு அறை, அதே குகை. நசுங்கிய எஞ்சின்களைத் தட்டி நிமிர்த்தி, ஞாபகத்தில் இருந்தபடி கம்பெனி லைனை மறுபடி போட்டேன். குகைக்கு மேலே ஒரு பலகை வைத்து, பூட்டுகளைச் செய்தவர் என்று மாமாவின் பெயரை எழுதினேன். அதன் கீழே, 'இவற்றுக்கு அவர் செய்த சாவி ஒன்றே' என்று எழுதினேன். பிறகு ஒட்டன்சத்திரத்தில் மகன் வீட்டில் இருந்த அவர் மகளைத் தேடிப் போனேன். அந்த வீட்டு வாசலில் வடக்கே அலிகாரில் செய்த கடைப் பூட்டு ஒன்று தொங்கியது. திண்டுக்கல் பூட்டுக்காரரின் மகள் வீட்டில் அதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். பலகையைப் படித்தாள். சோப்பில் தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்; திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"அப்ப எங்கப்பா என்னையத்தான் நினைச்சாரா?" என்றாள்.

நான் தலையாட்டினேன்.

"நான் செய்யலைன்னு எனக்குத் தெரியும்ல. அப்ப அவருதான செஞ்சிருக்கணும்? அவரு வாயாலயே வேற சொன்னாரு. பள்ளிக்கூடத்துல என்னைய ரெண்டு சாவி, ரெண்டு சாவின்னுதான் கூப்பிடுவாளுக. அம்புட்டுக்கும் அவருதான் காரணம்னு நினைச்சேன்." சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "கல்யாணமாகி வந்த புதுசுல வாசக்கதவுக்குன்னு ஒரு பூட்டு செஞ்சு கொண்டாந்தாரு. பட்டறைய மூடினதுக்கப்புறம் அவரு செஞ்சது அது ஒண்ணுதான். எங்க மாமியா முன்னாடியே, இதுக்கு எத்தனை சாவிப்பான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டேன். அவரு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம் பூட்ட எடுத்துப் பையில வச்சுக்கிட்டுப் போயிட்டாரு."

வண்டியை ஓட்டிக் காட்டவா என்று கேட்டேன். என்ன மடத்தனம். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

சில நாள் கழித்து அவள் மகன் போன் செய்தான். "ஏனுங்க, அங்க வந்துட்டுப் போனதுலேர்ந்து அம்மா சரியாச் சாப்பிடறதில்லீங்க. ராத்திரியெல்லாம் உக்காந்தே இருக்குது. என்னங்க நடந்துச்சு?"

அவனிடமும் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இத்தனை வருஷம் சொல்லாமயே இருந்துட்டீங்க. இன்னுங் கொஞ்ச காலந்தானுங்க, அப்படியே இருந்திருக்கலாமுங்களே" என்றான்.

தாத்தாவின் பெயர் சுத்தமாகிவிட்டதே தம்பி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.